வால்வுப் பெருக்கியின் முரலொலி

பழைய வானொலிப் பெட்டியைக் கண்டவர்கள் அதனுள் ஒளிர்ந்த கண்ணாடி வால்வுகளை மறந்திருக்கமாட்டார்கள். ஆளியைப் போட்ட உடனே பாட்டு வராது. வால்வுகளின் இழை மெல்லச் சிவந்து சூடேறிய பின்னரே குரல் எழும். அக்குரலுக்குக் கட்டியங் கூறுவதுபோல, 'ம்' என்னும் தாழ்ந்த ஒலியொன்று முன்னே வந்து நிற்கும். அந்த முரலொலி மெல்லியதாய் இருக்கும்வரை எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது வலுத்துவிட்டாலோ பெட்டி திருத்துவோரின் கடைக்குப் போய்விடும்.

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பின்னர் வால்வுகள் படிப்படியாக வானொலிப் பெட்டியை விட்டு அகன்றன. ஆயினும் மின்கிற்றார் வாசிப்போர் மட்டும் அவற்றைக் கைவிட்டாரல்லர். தன் எல்லையைக் கடந்து உழைக்கும்போது வால்வு ஒலியை ஒருவகையாகத் திரிக்கின்றது. அத்திரிபு அவர்களுடைய செவிக்கு இனியது. இதனாற்றான் இன்றும் சுலோவாக்கியா நாட்டின் சாட்சா நகரிலும் வேறு சில இடங்களிலும் வால்வுகள் செய்யப்படுகின்றன. இதனாற்றான் பற்றாசுக்கோலும் பொறுமையும் உடைய பலர் தமக்கு வேண்டிய பெருக்கியைத் தாமே வீட்டிற் கட்டிக்கொள்கின்றனர்.

அவ்வாறு கட்டுவோர் பெரும்பாலும் முதலில் தெரிந்தெடுப்பது, கலிபோர்னியாவின் பென்டர் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் வெளியிட்ட 'சாம்ப்' என்னும் சிறு பெருக்கியின் 5எப்1 சுற்றாகும். அதில் மூன்றே வால்வுகள் உண்டு. 5வை3 என்பது ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கி. 12ஏஎக்ஸ்7 என்பது கிற்றாரிலிருந்து வரும் நலிந்த மின்குறியைப் பெருக்குவது. ஒரே கூட்டினுள் இரு வால்வுகளை அடக்கியமையால் அது இரண்டு படிகளாகத் தொழில் செய்யும். 6வி6 என்பது ஒலிபெருக்கியை இயக்கும் வலு வால்வு. இது கிற்றாருக்கெனப் பிறந்ததன்று. 1930களில் வானொலிப் பெட்டிகளுக்காகவே ஆக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்து தரும் வலு ஏறத்தாழ 5 வாற்று மட்டுமே. ஒரு சிறு வீட்டுக்கு அதுவே மிகுதி.

பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு இதனைக் கட்டி முடித்தவர் முதன்முறையாக ஆளியைப் போடுகின்றார். இழைகள் சிவக்கின்றன. இசை வரும் என்று காத்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து வண்டு முரல்வது போன்ற பேரொலி எழுகின்றது. இவ்வேளையில் இரண்டு தவறான வழிகள் அவரை அழைக்கும். எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒன்று. அது பணத்தை விழுங்கும், காரணத்தைக் காட்டாது. செருகியிலுள்ள புவிக்கம்பியை வெட்டிவிடுவது மற்றொன்று. அவ்வாறு செய்தால் முரலொலி அடங்குதலும் உண்டு. ஆனால் அது உயிரைப் பணயம் வைத்துப் பெறும் அமைதியாகும்.

இதனை மிகைக்கூற்று என்று கொள்ளலாகாது. கிற்றாரின் உலோகத் தந்திகள் பெருக்கியின் உலோகப் பெட்டியோடு மின்தொடர்பு உடையவை. புவிக்கம்பி இல்லாத பெட்டியிலே மின்வழங்கற் கம்பியொன்று பட்டுவிட்டால், வாசிப்பவரின் விரல்கள் 230 வோல்ற்றைப் பற்றியிருக்கும். அவர் நன்கு புவித்தொடுக்கப்பட்ட ஒலிவாங்கியை உதட்டால் தொட்டாலும் போதும், மின் அவர் உடல் வழியே பாயும். தவறு ஒலிவாங்கியின் பக்கம் இருப்பினும் முடிவு அதுவே. 1972 மே 3ஆந் திகதி பிரித்தானியாவின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் த குறோஸ்' குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ்லி ஹாவி, புவித்தொடுப்புச் செம்மையற்ற ஒலிவாங்கியைத் தொட்டு அரங்கிலேயே உயிர் நீத்தார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ப் 1976இல் தம் வீட்டில் மின்கிற்றார் வாசிக்கும்போது மின்தாக்கி இறந்தார். அக்காலத்துப் பழைய அமெரிக்கப் பெருக்கிகள் பல இருமுனைச் செருகி உடையவை. முரலொலியைக் குறைப்பதற்கென மின்வழங்கற் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கொள்ளளவியை அவற்றில் இணைத்திருந்தனர். அக்கொள்ளளவி பழுதுற்றால் பெட்டி முழுவதும் மின் ஏறிவிடும். ஆகவே பழைய படத்தைப் பார்த்துக் கட்டுவோர் அந்த ஒரு பகுதியை மட்டும் விலக்கிவிட்டு, மும்முனைச் செருகியும் உருகியும் வைத்து, புவிக்கம்பியைப் பெட்டியில் திருகாணியால் இறுக்கிக்கொள்ளுதல் வேண்டும். முரலொலிக்கு மருந்து வேறிடத்தில் உண்டு.

பெட்டிக்குள்ளும் அபாயம் உறைகின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைத் தேக்கி வைத்திருக்கும். 10,000 ஓம், 5 வாற்றுத் தடையொன்றைக் காவலிட்ட கம்பிகளால் பிடித்து, கொள்ளளவியின் இரு முனைகளுக்கும் இடையே சிறிது நேரம் வைத்து, அம்மின்னை வடியவிடல் வேண்டும். பின்னர் அளவுமானியால் அளந்து, ஏதும் எஞ்சவில்லை என்று கண்ட பின்பே கை வைத்தல் வேண்டும். மின் ஓடும்போது அளக்க நேரின் ஒரு கையை உடலுக்குப் பின்னே வைத்துக்கொள்வது பழைய தொழிலாளரின் நல்வழக்கம். மின் இரு கைகளினூடாக நெஞ்சைக் கடக்க அது இடங்கொடாது. ஒலிபெருக்கியை இணைக்காமல் பெருக்கியை இயக்குதலும் ஆகாது. வெளியீட்டு நிலைமாற்றி பழுதுறும்.

இனி முரலொலியின் காரணத்தைத் தேடும் முறையைப் பார்ப்போர் முதலில் அதன் சுருதியைக் கேட்டல் வேண்டும். இலங்கையின் மின்வழங்கல் செக்கனுக்கு 50 சுற்று உடையது. வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ற்று ஆடலோட்டத்திலிருந்து கசியும் முரலொலி அந்த 50 சுற்றிலேயே ஒலிக்கும். சீராக்கி ஆடலோட்டத்தின் இரு பாதிகளையும் ஒரு திசைக்குத் திருப்புவதால், அதன் வழியே கசியும் முரலொலி செக்கனுக்கு 100 சுற்று உடையது. இவ்விரண்டையும் பிரித்தறியக் கிற்றாரே கருவியாகும். அதன் மிகத் தடித்த தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் சுரம் செக்கனுக்கு 98 அதிர்வு உடையது. முரலொலி அச்சுரத்தோடு ஏறக்குறைய ஒன்றினால் சீராக்கியின் பக்கம் ஐயுறுக. அதற்கு ஒரு தாயி கீழே ஒலித்தால் இழையின் பக்கம் ஐயுறுக. அமெரிக்காவில் மின்வழங்கல் 60 சுற்று உடையதாகையால், அங்கே இவை 60, 120 எனச் சற்று உயர்ந்து ஒலிக்கும்.

அடுத்த படி, சுற்றைக் கூறுபடுத்திப் பார்ப்பது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, சாம்ப் பெருக்கியில் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே அமைந்துள்ளது. அதனை முற்றாகக் குறைத்ததும் முரலொலி மறைந்தால், குற்றம் அதற்கு முன்னுள்ளது என்பது தெளிவு. கிற்றார், அதன் கம்பி, முதற்படி என்னும் மூன்றுள் ஒன்றே காரணம். கிற்றாரைக் கழற்றியதும் முரலொலி நின்றுவிட்டால் பெருக்கியின்மீது பழி இல்லை. கிற்றாரின் காந்தச் சுருள் அறையிலுள்ள மின்காந்தப் புலத்தைப் பற்றிக்கொள்கின்றது. வாசிப்பவர் திரும்பி உட்காரும்போது அவ்வொலி கூடிக் குறையுமாயின் இஃது உறுதி. இக்குறையை நீக்கவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் என்பவர், எதிர்முகமாய்ச் சுற்றிய இரு சுருள்களால் முரலொலியை ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் அமைப்புக்கு 1955இல் காப்புரிமை விண்ணப்பஞ் செய்தார்.

திருகைக் குறைத்தும் முரலொலி நீங்காவிடின், மின்னை நிறுத்தி, வால்வுகள் ஆறிய பின் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். இப்போது ஒலி அடங்கினால் அவ்வால்விலோ அதனைச் சூழ்ந்த கம்பிகளிலோ காரணம் உண்டு. அடங்காவிடின், வலு வால்வும் நேரோட்ட வழங்கலுமே எஞ்சி நிற்கின்றன. இவ்வாறு இரண்டு மூன்று சோதனைகளிலே, பெட்டியிலுள்ள பல உறுப்புகளுள் ஐயத்துக்குரியவை ஐந்தாறாகச் சுருங்கிவிடும். ஒரு காசும் செலவாகவில்லை.

இழையின் முரலொலி எனக் கண்டால் அதன் கம்பிகளை நோக்குக. அவை இரண்டையும் கயிறுபோல் இறுக முறுக்கி, பெட்டியின் மூலையோரமாகக் கொண்டுசென்று, வால்வின் நெய்யரிக்குச் செல்லும் கம்பிகளுக்கு எட்ட வைத்தல் வேண்டும். முறுக்கிய கம்பிகளில் எதிரெதிராக ஓடும் மின் தன் புலத்தைத் தானே அழித்துக்கொள்ளும். பழைய சுற்றுப்படத்தில் இழைக்கம்பியின் ஒரு முனை பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனை விடுத்து, இரு கம்பிகளிலிருந்தும் 100 ஓம் தடை ஒவ்வொன்றை ஒரு நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து, அப்புள்ளியைப் பெட்டியோடு சேர்த்தால் முரலொலி பெரிதும் தணியும். அப்புள்ளியைப் பெட்டியோடு சேர்க்காமல் 6வி6 வால்வின் கதோட்டோடு சேர்ப்பது இன்னுஞ் சிறந்தது. அங்கே நிற்கும் ஏறத்தாழ 20 வோல்ற்று இழையை 12ஏஎக்ஸ்7 வால்வின் கதோட்டைவிட உயர்த்தி வைக்கும். எனவே இழையிலிருந்து அக்கதோட்டுக்கு இலத்திரன்கள் தாவமாட்டா.

சீராக்கியின் முரலொலி எனக் கண்டால் கொள்ளளவிகளை நோக்குக. சாம்ப் சுற்றில் 16, 8, 8 மைக்ரோபரட்டு அளவுள்ள மூன்று கொள்ளளவிகள், தடைகளை இடையிட்டு நிற்கின்றன. துள்ளி வரும் மின்னை அவை குளம்போலத் தேக்கிச் சீராக விடுகின்றன. குளம் தூர்ந்தால் வாய்க்காலில் நீர் விட்டுவிட்டு வருமன்றோ? அதுபோலக் கொள்ளளவி உலர்ந்தால் மின் துள்ளலோடு செல்லும். இங்கே இலங்கையர் கருத வேண்டியதொன்றுண்டு. 60 சுற்றுக்கு வகுத்த இச்சுற்றை 50 சுற்றில் இயக்கும்போது, ஒவ்வொரு நிரம்பலுக்கும் இடையே காலம் நீள்வதால் துள்ளல் ஐந்திலொரு பங்கு கூடிவிடும். ஆகவே கொள்ளளவிகளை ஓரளவு பெரியனவாகக் கொள்ளலாம். ஆனால் முதலாவதை மிகப் பெரிதாக்கினால் 5வை3 சீராக்கி ஒவ்வொரு நிரம்பலிலும் தாங்கவொண்ணா மின்னைத் தரவேண்டியதாகும். ஆதலால் பின்னுள்ளவற்றைப் பெரிதாக்குவதே முறை. மின்வழங்கல் நிலைமாற்றியும் 50 சுற்றுக்கென ஆக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். 60 சுற்றுக்கு மட்டும் அமைத்தது இங்கே கொதித்துவிடும்.

கொள்ளளவிகள் புதியனவாய் இருந்தும், 100 சுற்றுள்ள ஒலி 'கர்' என்று கரகரத்து வருமாயின், பெட்டிக்குள் புவித்தொடுப்புச் செய்த இடம் பிழையாகும். இது வீட்டிற் கட்டுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் குற்றம். நிலைமாற்றியின் உயரழுத்த முறுக்கின் நடுக்கம்பியைப் பெட்டியின் ஒரு மூலையிலும், முதற்கொள்ளளவியின் எதிர்முனையை மறு மூலையிலும் திருகிவிடுகின்றனர். சீராக்கியின் வலிய மின்துடிப்புகள் பெட்டியின் தகடு முழுவதையும் கடந்து ஓடி, கிற்றாரின் நலிந்த குறியோடு கலந்துவிடுகின்றன. அவ்விரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று சேர்த்து, பின்னரே ஒரு கம்பியால் பெட்டிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். முதற்படியின் புவித்தொடுப்புகளோ கிற்றார் செருகும் துளையருகே கூடி நிற்றல் நன்று. கிளைகள் பலவாயினும் அவை சேருமிடம் முறைப்படி அமைந்தால் கரகரப்பு நின்றுவிடும்.

ஆளியைப் போட்டு வால்வுகள் சூடேறியதும் முரலாமல் ஊளையிடும் பெருக்கியும் உண்டு. அதற்குக் காரணம் வேறு. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பங்கு மின்னைப் பின்னே திருப்பி ஒலியைச் செம்மையாக்கும் அமைப்பு இச்சுற்றில் உள்ளது. வெளியீட்டு நிலைமாற்றியின் முதன்முறுக்குக் கம்பிகள் இடம் மாறியிருந்தால், திருத்த வந்த மின் கெடுத்துவிடும். மின்னை வடியவிட்ட பின் அவ்விரு கம்பிகளையும் இடம் மாற்றினால் ஊளை ஓயும்.

இத்துணையுஞ் செய்த பின்னரும் நூறு சுற்றின் முரலொலி வலுத்து நிற்குமாயின், வலு வால்வின் கோடலை அளந்து பார்த்தல் வேண்டும். தொழிலாளர் 'பயஸ்' என்று சொல்வதையே பாடநூல்கள் கோடல் என்கின்றன. வால்வினுள் கதோட்டு இலத்திரன்களை உமிழ, அனோட்டு அவற்றை ஈர்க்கின்றது. இடையே நிற்கும் நெய்யரி வாய்க்காலின் மதகு போன்றது. நெய்யரியைக் கதோட்டைவிட எதிர்மின் நிலையில் எவ்வளவு தாழ்த்தி வைக்கின்றோமோ, அவ்வளவுக்கு மதகு மூடியிருக்கும். மதகு மிகத் திறந்தால் வால்வு அளவுக்கு மேல் மின்னை விழுங்கிச் சூடேறும். முதற்கொள்ளளவியும் அதற்கேற்ப விரைந்து வடிந்து, துள்ளல் மிகுந்து, முரலொலி கூடும். மதகு மிக மூடினால் இசை மெலிந்து வறண்டு ஒலிக்கும்.

சாம்ப் பெருக்கியில் 6வி6 வால்வின் கதோட்டுக்கும் பெட்டிக்கும் இடையே 470 ஓம் தடையொன்று உண்டு. வால்வின் மின் அதனூடே ஓடுவதால் கதோட்டு உயர்கின்றது. நெய்யரி பெட்டியின் நிலையிலேயே நிற்கின்றது. இவ்வாறு வால்வு தன் கோடலைத் தானே அமைத்துக்கொள்கின்றது. அதனைக் கணிப்பது எளிது. தடையின் இரு முனைகளுக்கும் இடையே 18.8 வோல்ற்று உள்ளது எனக் கொள்க. ஓமின் விதிப்படி 18.8ஐ 470ஆல் வகுத்தால் 40 மில்லி அம்பியர் வரும். இதில் 3 மில்லி அம்பியர் திரை நெய்யரிக்குச் செல்கின்றதென்றால், அனோட்டின் பங்கு 37. அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடையே 320 வோல்ற்று இருப்பின், இரண்டையும் பெருக்க 11.8 வாற்று வரும். 6வி6 வால்வின் அனோட்டுக்கு ஆக்கியோர் பழைய முறையில் விதித்த எல்லை 12 வாற்று. எனவே இவ்வால்வு எல்லைக்குள் நிற்கின்றது.

அதே வால்வில் 360 வோல்ற்றும் 45 மில்லி அம்பியரும் காணப்பட்டால் 16 வாற்றுக்கு மேலாகிவிடும். அறையை இருட்டாக்கிப் பார்த்தால், இழையின் செம்மஞ்சள் ஒளியன்றி அனோட்டுத் தகடே மங்கலாய்ச் சிவந்திருப்பது தெரியும். அதனைக் கண்டதும் மின்னை நிறுத்திவிடல் வேண்டும். வால்வின் உயிர் அங்கே எரிந்துகொண்டிருக்கின்றது. காரணங்கள் மூன்றைத் தேடலாம். நெய்யரிக்கும் பெட்டிக்கும் இடையே அளந்து, நேர்மின் வோல்ற்று ஏதேனுங் காணப்பட்டால், முன்படியிலிருந்து குறியைக் கொண்டுவரும் 0.02 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி கசிகின்றது. கதோட்டில் வோல்ற்றே இல்லாமல் தகடு சிவந்தால், 470 ஓம் தடைக்கு இணையாய் நிற்கும் கொள்ளளவி குறுக்கு இணைப்பாகிவிட்டது. இரண்டும் இல்லையெனின், வழங்கும் அழுத்தமே மிகையாகும். 220 வோல்ற்றுக்குச் சுற்றிய நிலைமாற்றிக்கு 240 வோல்ற்றுக் கிடைத்தால், உள்ளேயுள்ள ஒவ்வொரு வோல்ற்றும் நூற்றுக்கு ஒன்பது பங்கு ஏறிவிடும். அப்போது 470க்குப் பதிலாக 560 அல்லது 680 ஓம், 5 வாற்றுத் தடையை வைத்து, மீண்டும் அளந்து, எல்லைக்குள் வந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

பெரிய பெருக்கிகளில் வேறுமுறை உண்டு. பென்டரின் 'பாஸ்மன்' 5எப்6-ஏ சுற்றில் இரு வலு வால்வுகள் எதிரெதிராக உழைக்கின்றன. அச்சுற்றைப் பின்பற்றியே இலண்டனில் ஜிம் மார்சல் 1962இல் தம் முதற் பெருக்கியைச் செய்வித்தார். இவற்றில் எதிர்மின் கோடல் தனி வழங்கலிலிருந்து வருகின்றது. இரு வால்வுகளும் ஒத்த மின்னை எடுத்தால் வழங்கலின் முரலொலி வெளியீட்டு நிலைமாற்றியில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்று மிகவும் மற்றது குறையவும் எடுத்தால் அது அழியாது எஞ்சும். ஆகவே இங்கே முரலொலியே கோடலின் பிழையைச் சொல்லும் சாட்சி. அக்கோடல் வழங்கல் அறவே நின்றுவிட்டால் இரு வால்வுகளும் ஒருங்கே சிவந்து அழியும். ஆதலின் புதிய வால்வுகளைச் செருகுவதற்கு முன்னரே, வால்வில்லாத துளைகளில் எதிர்மின் வோல்ற்று உண்டா என்று அளந்துவிடல் வேண்டும்.

முற்றிய மௌனத்தை எந்த வால்வுப் பெருக்கியும் தருவதில்லை. சாம்ப் போன்ற ஒற்றை வால்வுப் பெருக்கியில், முரலொலியை அழித்துக்கொள்ளத் துணை வால்வு இல்லை. அதனருகே காதை வைத்தால் மெல்லிய முரலொலி கேட்கத்தான் செய்யும். அது நோயன்று. அறையின் மறுபுறத்தில் அமர்ந்து கேட்கும்போதும் இசையை மறைத்து நிற்பதே நோய். இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர் வீணே உறுப்புகளை மாற்றமாட்டார். சுருதியைக் கேட்டு, சுற்றைக் கூறுபடுத்தி, அளவுமானியின் சொல்லை நம்பி, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்ப்பார். எந்நிலையிலும் புவிக்கம்பியில் கை வைக்கமாட்டார். அத்தகையவர் கட்டிய பெருக்கி நெடுங்காலம் பாடும். அதனை மீட்டும் விரல்களுக்கும் தீங்கு நேராது.